யாளிக்குப் பொருள்

ஆவுடை அடிகள் அகராதி எழுதத் தொடங்கியபோது அவருக்குப் பார்வை இருந்தது. ககர வரிசை முடிவதற்குள் மங்கியது. தகரத்தில் முழுவதும் போய்விட்டது. அதன்பிறகு அவர் சொல்லச் சொல்ல ஓலையில் எழுதியவள் தூமணி. பதினான்கு ஆண்டுகள் எழுதினாள்.

தூமணிக்கு இப்போது நாற்பது வயது. அவள் அப்பா மலையில் தேனெடுக்கும் குடியில் பிறந்தவர். அம்மா கடலில் மீன்பிடிக்கும் குடி. இரண்டு பக்கமும் சேர்க்காததால் நடுவில் இருந்த கோரையூரில் வந்து தங்கினார்கள். முகம் அப்பாவைப் போல, உடம்பு அம்மாவைப் போல என்று ஊர் அவளைச் சிறுவயதிலேயே கேலி செய்தது. “யாளி” என்று பெயரும் வைத்தது. நாளடைவில் கேலி போய்ப் பெயர் நின்றது.

அகராதி முடிந்தது. ஐந்து நாளில் கோயில் மண்டபத்தில் அரங்கேற்றம். அதற்கு முன் முழுவதையும் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார் அடிகள்.

மூன்றாம் நாள் காலை யகரத்துக்கு வந்தாள்.

“யாமம். யாமை. யாய். யாழ். யாறு. யானை.”

“நில். யாழுக்குப் பிறகு?”

“யாறு, ஐயா.”

“நடுவே ஒன்று சொன்னேன்.”

தூமணி ஓலையின் ஓரத்தை நிமிண்டினாள்.

“ஓலை தீர்ந்துவிட்டதா?”

“இல்லை ஐயா. யாரும் கண்ணால் பார்க்காத விலங்கு. எதற்கு என்று விட்டுவிட்டேன்.”

“தேவரையும் யாரும் பார்த்ததில்லை. அந்தச் சொல்லை எழுதியிருக்கிறாயே.”

பிழை திருத்த வைத்திருந்த எழுத்தாணியை அவள் கீழே வைத்தாள்.

“அது என்னைத் திட்டுகிற சொல் ஐயா. என் கையால் எழுத முடியவில்லை.”

“தெரியும். கண்தான் போனது, காது போகவில்லை. தெருவில் உன்னை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று பதினான்கு ஆண்டுகளாகக் கேட்கிறேன்.”

“கேட்டும் ஒருநாள்கூட அவர்களைக் கண்டிக்கவில்லையே!”

“கண்டித்திருந்தால் அது வசவுதான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.”

அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது.

“சரி, பொருளைச் சொல்லுங்கள். எழுதித் தொலைக்கிறேன்.”

“இந்த ஒரு சொல்லுக்கு நான் பொருள் சொல்லப் போவதில்லை. விசாரித்து நீயே எழுது.”

தூமணி எழுந்து போனாள். வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் கோயில் பக்கம் நடந்தாள். புது மண்டபத்துக்குத் தூண் செதுக்கிக்கொண்டிருந்தார் கல்தச்சர் மாதேவர். வெளியூர்க்காரர். அவருக்கு அவளைத் தெரியாது.

தூணில் பாதி யாளி வெளியே வந்திருந்தது. துதிக்கை முடிந்துவிட்டது. பிடரி இன்னும் கல்லுக்குள் இருந்தது.

“இதை ஏன் தூணில் வைக்கிறீர்கள்?” என்று கேட்டாள்.

“வேறு எதை வைப்பது?”

“சிங்கத்தை வைக்கலாம். யானையை வைக்கலாம்.”

மாதேவர் உளியை நிறுத்தினார். “வைத்துப் பார்த்தோம் அம்மா. சிங்கம் தூணை விட்டுப் பாய்ந்து போய்விடும்போல இருக்கும். யானை கனத்தில் முழங்கால் மடக்கியதுபோல இருக்கும். இது ஒன்றுதான் மேலே எவ்வளவு பாரம் ஏற்றினாலும் நிமிர்ந்தே நிற்கும். கூரை கனமான இடத்தில் இதைத்தான் நிறுத்துவோம்.”

தூமணி வெயில் சாயும்வரை அந்தத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய் எழுதினாள். எழுதியதை அடிகளுக்குப் படித்துக் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை.

அரங்கேற்ற நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. அவைக்குத் தலைமை தாங்கத் தென்கரையிலிருந்து புலவர் கங்காதரர் வந்திருந்தார். ஊர்த்தலைவர் சாத்தப்பர் அடிகளின் காதருகே குனிந்தார்.

“அடிகளே, பெரியவர்கள் கூடியிருக்கிற அவை. அந்த யாளி வேண்டாமே. படிக்க நல்ல குடியில் பிறந்த ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறேன்.”

“சொல் என்னுடையது. எழுத்து அவளுடையது. அவள் படிப்பதானால் நான் உட்காருகிறேன். இல்லையென்றால் என் கையைப் பிடித்து வீட்டில் விட்டுவிடுங்கள்.”

சாத்தப்பர் நிமிர்ந்து விலகிக்கொண்டார்.

தூமணி படித்தாள். அகரத்தில் அவள் குரல் நடுங்கியது. சகரம் வரும்போது நடுக்கம் இல்லை. புலவர் அங்கங்கே நிறுத்திக் கேள்வி கேட்டார். அவளே விடை சொன்னாள். இரண்டாம் நாள் பிற்பகல் யகரம் வந்தது.

“யாழ்: நரம்புக் கருவி.” ஒருகணம் நிறுத்தினாள். “யாளி: யானையின் துதிக்கையும் சிங்கத்தின் உடலும் உடையது. ஒன்றில் பாதியும் மற்றதில் பாதியும் அன்று. இரண்டும் முழுதாக இருப்பது. பாரம் மிகுந்த இடத்தில் நிறுத்தப்படுவது.”

அடிகள் தலையை லேசாக அசைத்தார். அந்தப் பொருளை அவர் முதன்முறையாகக் கேட்கிறார்.

“அருமை,” என்றார் கங்காதரர். “பழைய பாட்டுகளில் இந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன். பேச்சில் உண்டா? உங்கள் ஊரில் யாராவது வழங்குகிறார்களா?”

சாத்தப்பர் தன் கால்விரலைப் பார்த்தார். பின்வரிசையில் ஒருவர் எழுந்து போகப் பார்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தூமணி அடிகளைப் பார்த்தாள். அவர் உதவிக்கு வரவில்லை.

அவள் ஓலையை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“உண்டு ஐயா. இந்த ஊரில் எல்லாருமே வழங்குகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.”

புலவருக்கு வியப்பாக இருந்தது. கூட்டத்தை ஒருமுறை பார்த்தார்.

“இந்தப் பொருளிலா?”

அடிகள்தான் பேசினார்.

“பாவம், இத்தனை நாளும் பொருள் தெரியாமல் கூப்பிட்டார்கள். இன்றைக்குத்தானே அகராதி வந்திருக்கிறது.”