தட்டில் காத்திருந்த ஈரல்

துறையூரில் இருபத்து மூன்று வருடம் விலங்கியல் வாத்தியாராக இருந்தவர் பொன்னுரங்கம். ஐம்பதாவது வயதில் படிப்பு விடுப்பு எடுத்துக்கொண்டு, முனைவர் பட்டத்துக்காகத் திருச்சியில் எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். அவருடைய வழிகாட்டி டாக்டர் எஸ்தர் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். சீடரை ‘சார்’ என்று கூப்பிட்ட குரு, எனக்குத் தெரிந்து, அவர் ஒருவர்தான்.

ஆராய்ச்சி கல்லீரல் புற்றுநோயைப் பற்றியது. ஓர் ஆளின் கல்லீரலில் எல்லாச் செல்களிலும் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள்தான் இருக்கின்றன. எது மும்முரமாக வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். புற்றுநோய் வந்தால் அது தலைகீழாகும். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியிலிருந்து ஒரு துண்டு, பக்கத்து நல்ல சதையிலிருந்து ஒரு துண்டு. இரண்டையும் ஒப்பிட்டு, கட்டியில் எந்தெந்த மரபணுக்களின் வேலை ஏறியிருக்கிறது என்று பட்டியல் போட வேண்டும்.

இரண்டே வருடத்தில் போட்டார். முப்பத்து நான்கு நோயாளிகள், இருநூற்றுப் பன்னிரண்டு மரபணுக்கள்.

செய்தி துறையூருக்குப் போய்விட்டது. பழைய மாணவர்கள் பள்ளி வாசலில் பேனர் கட்டினார்கள். ‘புற்றுநோயின் 212 மரபணுக்களைக் கண்டறிந்த எங்கள் ஆசான்!’ படத்தில் பொன்னுரங்கம் கோட்டு போட்டிருந்தார். அவரிடம் கோட்டே கிடையாது. கழுத்துக்குக் கீழே வேறு யாரோ.

பட்டியலோடு எஸ்தரின் அறைக்குப் போனார்.

“மேடம், இதை எப்ப வெளியிடலாம்?”

எஸ்தர் முழுவதையும் படித்தார். நாலைந்து பெயர்களில் மட்டும் விரலை வைத்துச் சற்று நேரம் நிறுத்தினார்.

“ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு வாங்க சார். கறிக்கடைக்குப் போகணும்.”

“எங்க?”

“கறிக்கடைக்கு.”

பொன்னுரங்கம் சுத்த சைவம். ஆனாலும் ஆயிரம் தவளை அறுத்த கை. மறுபேச்சு பேசாமல் போனார்.

உறையூர்க் கடையில் அப்போதுதான் ஓர் ஆட்டை உரித்திருந்தார்கள். எஸ்தர் சூடு ஆறாத ஈரலை முழுசாக வாங்கினார். அங்கேயே ஒரு துண்டை வெட்டி, கொண்டுவந்திருந்த திரவ நைட்ரஜன் குடுவைக்குள் போட்டார். அந்தக் குளிரில் எல்லாம் அந்த நொடியே உறைந்துவிடும். மீதியைத் தட்டில் வைத்துச் சீடர் கையில் கொடுத்தார்.

“பிடிச்சுக்கிட்டு நில்லுங்க.”

“எவ்வளவு நேரம் மேடம்?”

“நாப்பது நிமிஷம்.”

நின்றார். வரிசையில் வந்தவர்கள் அவர் நெற்றி நாமத்தையும் கையிலிருந்த ஈரலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவர், “சாமி, உங்களுக்கு வேணாம்னா என்கிட்ட குடுத்துருங்க” என்று கேட்டேவிட்டார்.

நாற்பது நிமிடம் ஆனதும் அதிலிருந்தும் ஒரு துண்டு குடுவைக்குள் போனது.

“உங்க பட்டியல்ல முதல் இருபதை மட்டும் எடுத்துக்கோங்க. ரெண்டு துண்டுலயும் பாருங்க.”

ஒரு வாரம் கழித்துப் பொன்னுரங்கம் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“காத்திருந்த துண்டுல பதினேழு ஏறியிருக்கு மேடம். கட்டியில ஏறின அதே பதினேழு.”

“அப்படியா? ஆட்டுக்கு எப்ப சார் புற்றுநோய் வந்துச்சு?”



“ஒரு ஆட்டை வெச்சு எப்படி மேடம்...”

“ஒண்ணு போதாதுதான். இன்னும் அஞ்சு பாருங்க.”

பார்த்தார். ஐந்திலும் அதே கதை.

“ஆடு வேற, மனுஷன் வேற மேடம்.”

“ஆமா சார். ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல போய் நில்லுங்க. மனுஷனையும் பாத்துடுங்க.”

அதுவரை அவர் குடுவை வந்து சேரும் இடத்தில்தான் இருந்தார். முதல்முறையாக, அது கிளம்பும் இடத்தில் கைக்கடிகாரத்தோடு நின்றார். நல்ல சதைத் துண்டு வெட்டிய கையோடு குடுவைக்குள் போயிற்று. கட்டி அப்படிப் போகவில்லை. அது முதலில் நோயியல் மருத்துவரிடம் போனது. அவர் அளந்து, அறுத்து, ஓரம்வரை நோய் பரவியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஆராய்ச்சிக்கு ஒரு துண்டு. நோயாளிக்குத்தான் முதல் உரிமை, அதில் யார் குறை சொல்ல முடியும்? அன்று முப்பத்தெட்டு நிமிடம் ஆனது. மறுநாள் நாற்பத்து நான்கு.

ரத்தம் ஓடாமல் கிடக்கும் சதை பதறும். அதன் மரபணுக்களும் பதறும். அவர் இரண்டு வருடமாக எழுதிவைத்தது பெரும்பாலும் அந்தப் பதற்றத்தை.

சாயங்காலம் எஸ்தரின் அறைக்கு வந்தார்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?”

“சந்தேகம் இருந்துச்சு.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா என்னை நம்பியிருப்பீங்க.”

பொன்னுரங்கம் பட்டியலை மேசைமேல் வைத்தார்.

“டிசம்பரோட விடுப்பு முடியுது. முதல்லேர்ந்து ஆரம்பிச்சா முடியாது. இதை அப்படியே அனுப்பினா பட்டம் வந்துடும். ஆட்டைக் கூப்பிட்டு யாரும் சாட்சி கேக்கப் போறதில்ல.”

எஸ்தர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பொன்னுரங்கம் கூடத்துக்கு வரவில்லை. துறையூருக்குப் பஸ் ஏறிவிட்டார். பள்ளிக்கூடத்து ஏணியை வாங்கி, வாசலில் சாத்தி, தானே ஏறிப் பேனரை அவிழ்த்தார். தலைமை ஆசிரியர் ஓடிவந்தார்.

“என்ன சார் இது? பிள்ளைங்க ஆசையா கட்டினது!”

“இதுல இருக்கிறது தப்பு சார்.”

“அச்சுப் பிழையா?”

“இல்ல. நான் செஞ்ச பிழை.”

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் குவிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் ஏணிமேல் நின்று தன் தப்பை ஒத்துக்கொண்டதை எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள்? இதை அவர் எங்களிடம் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவர் எனக்கு உறவும் இல்லை, ஊரும் இல்லை. ஆனாலும் நிமிர்ந்தது.

விடுப்பு முடிந்தது. சம்பளமில்லாத விடுப்பு எடுத்தார். அறுவை மருத்துவரையும் நோயியல் மருத்துவரையும் பார்த்துப் பேசி ஒரு வழி கண்டார். நோயாளியின் சம்மதத்தோடு, அறுத்த ஈரல் பகுதி வெளியே வந்ததுமே கட்டியில் ஊசியால் நூலளவு சதை, பக்கத்தில் நூலளவு சதை. இரண்டும் ஒரே நிமிடத்தில் குடுவைக்குள். மீதிக் கட்டி வழக்கம்போல நோயியல் மருத்துவரிடம். ஒவ்வொரு அறுவைக்கும் வாசலில் அவரே நின்றார். பதினான்கு மாதம், முப்பத்தொரு நோயாளிகள்.

ஒன்பது மரபணுக்கள் மிஞ்சின.

வாய்மொழித் தேர்வன்று அரங்கம் நிறைந்திருந்தது. பொன்னுரங்கம் பழைய பட்டியலில்தான் ஆரம்பித்தார். அது எப்படித் தப்பானது என்பதை ஆடு உட்பட ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு ஒன்பதைக் காட்டினார்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இருநூத்திப் பன்னெண்டுல ஆரம்பிச்சு, மூணு வருஷத்துக்கு மேல பாடுபட்டு, கடைசில ஒன்பதுதானா?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வழிகாட்டி குறுக்கே பேசுவது அங்கே வழக்கமில்லை. எஸ்தர் எழுந்து நின்றார். பெருமையை அவர் மறைக்கவில்லை.

“அந்த இருநூத்திப் பன்னெண்டும் சாரோடது. இந்த ஒன்பதும் நோயோடது.”