ஆட்காட்டியின் குரலும் நரியின் பெட்டியும்

குளக்கரையில் ஓர் ஆட்காட்டிப் பறவை இருந்தது. புதரில் சிறுத்தையின் வால் நுனி தெரிந்தாலே போதும், அது கத்திவிடும். அந்தக் குரலை நம்பித்தான் புள்ளிமான்கள் தலை குனிந்து தண்ணீர் குடித்தன.

ஒரு நாள் நரி ஒரு பெட்டியை இழுத்து வந்தது. காடு பார்க்க வந்தவர்கள் விட்டுப்போன பெட்டி. வெயிலில் வைத்தால் வேலை செய்யும். ஒரு பொத்தானை அழுத்தினால் குரலைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்றை அழுத்தினால் அதையே ஓயாமல் திருப்பிப் பாடும்.

நரி உடனே இசைக்குழு தொடங்கிவிட்டது. பனி நாட்டிலிருந்து வலசை வந்த வாத்து தன் ஊர்த் தாலாட்டைப் பாடியது. தவளை தாளம் போட்டது. பெட்டி 'டும் டும்' என்று அதிர்ந்தது. உலகத்தின் ஆதி ஒலியும் நாளைய ஒலியும் இங்கே கலக்கின்றன என்று நரி விளக்கியது. யாருக்கும் புரியவில்லை. அதனால் எல்லாம் பலமாகத் தலையாட்டின.

"அக்கா, உங்க குரல்ல ஒரு மண்வாசனை இருக்கு. அது இல்லாம நம்ம இசை நிறையாது" என்று நரி குழைந்தது.

அது ஆபத்துக்கென்றே வைத்திருக்கும் குரல் ஆயிற்றே என்று ஆட்காட்டி தயங்கியது. ஆனால், அதுவரை அந்தக் குரலை யாரும் அழகு என்று சொன்னதில்லை. ஒரே ஒரு முறை கத்திக் கொடுத்தது.

முதல் நாள் அந்தக் குரல் பெட்டியிலிருந்து எழுந்ததும் மான்கள் சிதறி ஓடின. மூன்றாம் நாள் காதை மட்டும் அசைத்தன. பத்தாம் நாள் அதற்கேற்பக் குளம்பு தட்டின.

பதினோராம் நாள் நாணலுக்குள் சிறுத்தையின் வால் நுனி தெரிந்தது. கரையோரம் ஒரு மான்குட்டி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. ஆட்காட்டி தொண்டை கிழியக் கத்தியது.

தாய்மான் கண்ணை மூடி ரசித்தது. "பெட்டியில கேக்கிற உயிரோட்டம் இதுல இல்லையே, அக்கா" என்றது.

ஆட்காட்டி பெட்டியின்மேல் பாய்ந்து பொத்தானைக் கொத்தியது. பகலெல்லாம் ஓயாத இசை சட்டென்று நின்றது. குளமே அடங்கிப்போனது. அந்த அமைதியில் நாணல் ஒடியும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. மான்கள் பாய்ந்தன. குட்டி தாயின் பின்னே தாவித் தப்பியது.

நரி மட்டும் கோபத்தோடு பெட்டியை நோக்கி ஓடி வந்தது.

"நல்ல இடத்துல நிறுத்தினது யாரு?"

பதில் சொல்ல எதிரே சிறுத்தை மட்டுமே நின்றது. நரி பெட்டியோடு குளத்தில் குதித்தது. நரி அக்கரையில் ஏறியது, பெட்டி ஏறவில்லை.

அதன்பின் யார் பாடச் சொன்னாலும் ஆட்காட்டி, "சிறுத்தை வரட்டும், பாடறேன்" என்றது.

ஆபத்துக்கு உரிய குரலைப் பொழுதுபோக்குக்குக் கொடுத்துவிட்டால், ஆபத்து வரும்போது அதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.