பாகன் வாயில் ஊற்றிய உண்ணி மருந்து

அந்தக் காலத்தில் யானைக்கு அங்குசம் கிடையாது. பாகன் காதோரம் வாய்வைத்துச் சொன்னால் போதும், யானை மண்டியிடும். அப்போது யானை பேசியது, எறும்பு பேசியது. மனிதர் நாக்கில் குடியிருந்த, கண்ணுக்கே தெரியாத பொடிசுகளும் பேசின.

பாகன் காளப்பனின் நாக்கில் குடியிருந்தவள் நுணுக்கி. முன்நாக்கு அவள் கூட்டத்துக்கு. பின்பக்கம், தொண்டையை ஒட்டி, மாவு போலப் படிந்த அழுக்குக்கு அடியில் ஊத்தைக் கூட்டம் பதுங்கிக் கிடந்தது. மிச்சம் மீதியைத் தின்று நாற்றம் விடுவது அதன் வேலை. அது எல்லை தாண்டாமல் மறித்து நின்றவர்கள் நுணுக்கியின் ஆட்கள்தான்.

காளப்பனோ கருவாடும் பச்சை வெங்காயமும் தின்றுவிட்டு அப்படியே படுக்கிறவன். அழுக்கு தடித்தது. ஒருநாள் அவனுடைய யானை வெள்ளாம்பல் காதை உதறியது.

"பாகா, தள்ளி நின்னு சொல்லு. உன் வாயில எலி செத்துக் கிடக்கு."

"உன் லத்தியை நான் தினமும் அள்ளலையா, ஆத்தா?"

"அது வர்ற இடம் வேற. இப்படியே இருந்தா நான் மலைக்குப் போயிடுவேன்."

காளப்பன் ஆடிப்போனான். அவன் சோறு, சொந்தம் எல்லாம் அந்த யானைதான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. யானைத் தோலில் உண்ணி ஏறினால் வேப்பங்கொட்டையும் புகையிலையும் புளித்த காடியில் காய்ச்சிப் பூசுவான். உண்ணி செத்து உதிரும். நாக்குக்கும் அதுவே ஆகும் என்று நினைத்தான்.

சட்டி வாயருகே வந்தபோது நுணுக்கி கத்தினாள்.

"காளப்பா, நிறுத்து! நாத்தம் விடுறது நாங்க இல்லை!"

"கூப்பிடாம வந்து குடியேறினவளுக்குப் பேச்சைப் பாரு" என்று சொல்லிவிட்டு அவன் ஊற்றிக் கொப்பளித்தான்.

முன்நாக்கு சுடுகாடானது. ஒரு வெடிப்புக்குள் ஒட்டிக்கொண்ட நுணுக்கியும் சிலரும் மட்டும் பிழைத்தார்கள். அழுக்குக்கு அடியில் கிடந்த ஊத்தைக் கூட்டத்தை மருந்து தொடவே இல்லை.

வாயில் வேம்பு மணத்தது. வெள்ளாம்பல் மண்டியிட்டது. காளப்பன் மீசையை முறுக்கினான். உச்சிப்பொழுதுக்குள் ஊத்தைக் கூட்டம் காலியான நாக்கு முழுக்கப் பரவிவிட்டது. மறுபடி கொப்பளித்தான். நாக்கு மரத்து, கருவாடு கூட மண்ணாகச் சுவைத்தது; நாற்றம் மட்டும் முன்னைவிட மோசம். வெள்ளாம்பல் மலைப்பக்கம் திரும்பி நின்றது.

காளப்பன் மீண்டும் சட்டியைத் தூக்கினான்.

"ஊத்து" என்றாள் நுணுக்கி. அவள் குரலில் கெஞ்சல் இல்லை. "காவல்காரங்களைக் கொன்னுட்டுத் திருடனைத் தேடுறியே, நல்லா ஊத்து. நான் ஒரு அடி நகர மாட்டேன்."

"என் வாயிலிருந்துக்கிட்டு என்னையே மிரட்டுறியா?"

"வாய் உன்னோடது. ஊர் எங்களோடது. யானை வேணும்னா அந்த அழுக்கை வழிச்செடு. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

வெள்ளாம்பல் ஒரு காலை எடுத்து வைத்தது. காளப்பன் சட்டியைப் போட்டு உடைத்தான். தென்னை ஈர்க்கைக் கிழித்து, வில்லாக வளைத்து, கண்ணில் நீர் வர நாக்கை வழித்தான். மறைவிடம் இழந்த ஊத்தைக் கூட்டத்தை நுணுக்கியின் ஆட்கள் பெருகிப் பெருகி மூலைக்குத் தள்ளினார்கள். சில நாளில் வெள்ளாம்பல் தானாகவே காதைத் தாழ்த்தியது.

"இத்தோட தொலைஞ்சதா?" என்று கேட்டான் காளப்பன்.

"யார் சொன்னா? நீ தூங்கி எச்சில் வத்தினா அவங்க தலைதூக்குவாங்க. விடிஞ்சதும் வழிக்கணும்."

"தினமுமா?"

"தினமும்தான். எங்களுக்கு மட்டும் லீவா இருக்கு?"

அன்று முதல்தான், ராஜாவானாலும் மாடு மேய்ப்பவனானாலும் நாறும் வாயோடு எழுந்து, குனிந்து நாக்கை வழித்த பிறகே அடுத்தவரிடம் பேசப் போகிறான். எத்தனை மருந்து ஊற்றினாலும் நுணுக்கியின் கூட்டம் மட்டும் நாக்கைக் காலி செய்து கொடுத்ததே இல்லை.