மூன்று கரண்டிகள்

குணாளனுக்கு எந்தப் பத்திரிகையிலும் வேலை இல்லை. ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடுவான், சாப்பிட்டதை எழுதுவான், யார் போடுவார்களோ அவர்களுக்கு அனுப்புவான். எஸ்தரும் அப்படித்தான். இருவருக்கும் எழுத்து பழக்கியவர் மதுரை சௌந்தரவல்லி.

ஒரு வார இதழ் ஓராண்டுத் தொடருக்கு ஆள் கேட்டிருந்தது. சௌந்தரவல்லி யார் பெயரைச் சொல்கிறாரோ அவருக்கே தொடர். எஸ்தர் பெயர் வந்துவிடுமோ என்று குணாளனுக்கு வயிறு எரிந்தது. அவள் எழுதிய அதே உச்சிப்புளி மெஸ்ஸுக்குப் போய், அவள் உட்கார்ந்த அதே பெஞ்சில் உட்கார்ந்து, அவள் சாப்பிட்டதையே சாப்பிட்டு ஒரு கட்டுரை எழுதி சௌந்தரவல்லியிடம் கொடுத்தான்.

"நாளைக்கு மத்தியானம் வா. காலையில சாப்பிடாத" என்றார் அவர்.

மறுநாள் இலை போட்டிருந்தது. பக்கத்தில் பாத்திரங்களில் ஆவி பறந்தது. குணாளனுக்குப் பாதி ஜெயித்துவிட்ட நினைப்பு.

"ஒன் கட்டுரைய வாசிக்கிறேன். நீ எதைச் சாப்பிட வைக்கிறியோ, அதைப் பரிமாறுறேன்."

தண்ணீர் தெளித்தான். அவர் வாசித்தார்.

"'எஸ்தர் எழுதியிருப்பதுபோல் அல்ல; மீன் குழம்பில் தேங்காய் கிடையாது.'"

குழம்புக் கரண்டி இலைவரை வந்தது. சௌந்தரவல்லி சற்று யோசித்தார். கரண்டி திரும்பிப் போனது.

"'நெத்திலி வறுவலை அவர் தலையில் தூக்கி வைத்து ஆடியது அதிகப்படி.'"

நெத்திலியும் திரும்பிப் போனது. வாசனை மட்டும் மூக்கைத் துளைத்தது.

"'ரசத்தைப் பற்றி அவர் சொல்வதை உள்ளூரில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.'"

ரசமும் போனது. கட்டுரை முடியும்வரை ஒரு பருக்கைகூட விழவில்லை. அவர் தாளை மடித்தார்.

"அவ்வளவுதான். சாப்பிடு."

"என்னத்தக்கா சாப்பிட?"

"எனக்கும் அதான் தெரியல."

"அக்கா, அந்தக் குழம்புக்கு நான் ரெண்டு தடவ சோறு வாங்குனேன். புளிப்பு கண்ணுல தண்ணி வரவச்சுருச்சு. எந்திரிக்கவே மனசு வரல."

"அது இதுல எங்க இருக்கு?"

குணாளனுக்குப் பசி ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். இரண்டையும் தாண்டி எஸ்தர் மேல் இருந்த எரிச்சல்தான் முதலில் வாய்க்கு வந்தது.

"அவ எழுதுனத வாசிச்சிருந்தா என்னென்ன பரிமாறியிருப்பீங்க?"

சௌந்தரவல்லி பாத்திரங்களை ஒவ்வொன்றாக மூடினார்.

"வெறும் இலைக்கு முன்னால பசியோட உக்காந்திருக்க. இப்பவும் அவ இலையத்தான் எட்டிப் பாக்குற."