குங்குமத்துக்குச் சாப்பாடு

குன்னூர் சுற்றுவட்டாரத்தில் மாசிலாமணி மாஸ்டர் சமைக்காத கல்யாணம் குறைவு. பந்தியில் அவர் கரண்டியோடு நடந்து வந்தால் இலையை மடிக்க எவருக்கும் துணிவு வராது. முதலில் போட்டுவிடுவார், பிறகுதான் "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்பார். அப்பேர்ப்பட்ட மனுஷர் வீட்டிலேயே ஒரு ஜீவன் சாப்பிட்டதைக் கக்கிவிட்டது என்றால் அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்!

அந்த ஜீவன் ஒரு சோளப்பாம்பு. விஷமில்லாதது, நல்ல ஆரஞ்சு நிறம், பெயர் குங்குமம். மாஸ்டரின் மகள் எழிலரசி வளர்த்தது. கோவையில் விடுதியில் சேரப் போனபோது, கண்ணாடிப் பெட்டியோடு அப்பாவிடம் ஒப்படைத்தாள். "எதுன்னாலும் நசீமா டீச்சரைக் கேளுங்கப்பா. நீங்களா எதுவும் பண்ணாதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த தெருவில் இருந்த நசீமாவுக்கு மாஸ்டரின் வயதில் பாதிதான் இருக்கும். அவள் வீட்டிலும் பாம்புகள் உண்டு. "குருவே" என்று அவளை மாஸ்டர் கூப்பிட ஆரம்பித்தது கேலிக்குத்தான். குங்குமம் கக்கிய அன்று காலை கூப்பிட்டபோது அதில் கேலி இல்லை.

"குருவே, ஓடி வாங்க! போட்ட எலியை அப்படியே வெளிய தள்ளிடுச்சு. பிழைக்குமா?"

நசீமா வந்தாள். பாம்பைப் பார்க்கும் முன்னால் பெட்டியின் தரையில் உள்ளங்கையை வைத்தாள். மார்கழிக் குளிரில் அது ஜில்லென்று கிடந்தது.

"அடியில இருந்த சூட்டு விரிப்பு எங்க மாஸ்டர்?"

"கழட்டிட்டேன். ராவும் பகலும் சூடு ஏறுனா உடம்பு என்னத்துக்கு ஆகும்? பாவம், வாயில்லா ஜீவன். உடம்பு குளிரட்டும்னு வெந்தயத் தண்ணி கூட..."

"குடுத்தீங்களா?"

"கிண்ணத்துல வச்சேன். மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு."

நசீமா சிரிக்கவில்லை. நேரே சமையலறைக்குப் போனாள். அடுப்பில் அப்போதுதான் அரிசி ஏறியிருந்தது. அடுப்பை அணைத்தாள். அரிசியும் தண்ணீருமாக ஒரு கரண்டி மொண்டு தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க."

"வேகவே இல்லையே குருவே!"

"அதுக்கும் வேகல."

மாஸ்டர் தட்டைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"நம்ம வயித்துக்குள்ளயே அடுப்பு இருக்கு. அதுக்கு அடுப்பு வெளியில. அதைத்தான் நீங்க கழட்டி வச்சிட்டீங்க."

தலையில் அடித்துக்கொண்டு ஓடினார் மாஸ்டர். விரிப்போடு ஒரு வெந்நீர்ப் பையும் கணப்புச் சட்டியும் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வேகத்தில் விட்டிருந்தால் பாம்பை வறுத்தே எடுத்திருப்பார்.

"விரிப்பு மட்டும் போதும். அதுவும் ஒரு பக்கம். முப்பது டிகிரிக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன. தாண்டினா தானா அணையற கருவியையும் சேர்த்து மாட்டுங்க."

"அந்தப் பக்கம் குளிருமே?"

"நாள் பூரா நீங்க அடுப்படியிலேயா நிக்கறீங்க? காத்து வாங்க வெளிய வர்றதில்ல?"

அது மாஸ்டருக்கு உடனே புரிந்தது.

"சரி, இப்ப ஒரு எலி போடட்டுமா? வெறும் வயிறா கிடக்கே!"

"ரெண்டு வாரத்துக்கு ஒண்ணும் கிடையாது. தண்ணி மட்டும், வெந்தயம் இல்லாம. வயிறு ஆறணும். மறுபடி கக்குச்சுன்னா காப்பாத்துறது கஷ்டம் மாஸ்டர்."

இரண்டு வாரம்! வந்தவரைப் பசியோடு அனுப்பியே பழக்கமில்லாத மனுஷர். பெட்டி முன்னால் உட்கார்ந்தால் அவருக்கே சோறு இறங்கவில்லை. ஆனால் பார்க்கப் பார்க்க ஒன்று தெரிந்தது. குங்குமம் சூடான பக்கம் சுருண்டு கிடக்கும். பிறகு குளிர்ந்த பக்கம் போகும். மறுபடி திரும்பும்.

"குருவே, யாரும் சொல்லாமலே இடம் மாறுது!" என்று போனில் கத்தினார். பக்கத்து வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார்.

ஒருவழியாக அந்த நாளும் வந்தது. மாஸ்டர் அன்று புதுச் சட்டை போட்டிருந்தார். உறைந்த எலிகள் வெதுவெதுப்பான நீரில் இளகிக்கொண்டிருந்தன. அவர் கை தன்னை அறியாமல் அடுப்பைப் பற்றவைக்கப் போனது.

"வேக வைக்காதீங்க. உள்ள வரைக்கும் இளகினா போதும்" என்றாள் நசீமா. இருந்ததில் சின்னதாக, பாம்பின் உடம்பைவிட ஒல்லியான எலியாகப் பார்த்து எடுத்து, துடைத்து, இடுக்கியில் கொடுத்தாள்.

மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நீட்டினார். குங்குமத்தின் நாக்கு வெளியே வந்தது, போனது, வந்தது. தலை மெல்ல நிமிர்ந்தது.

சடாரென்று ஒரு பாய்ச்சல்!

"பிடிச்சிடுச்சு! குருவே, பிடிச்சிடுச்சு!"

இரண்டு சுற்று சுற்றி இறுக்கியது. பிறகு எலியின் தலையைத் தேடிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கியது. கடைசியில் வாலும் மறைந்தது. மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ கல்யாண வீட்டில் பாராட்டு வாங்கியவர்தான், ஆனாலும் இந்தச் சந்தோஷம் வேறு.

அடுத்த நிமிஷம் அவர் இடுக்கியில் இன்னொரு எலி இருந்தது. எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ!

"நாக்கை நீட்டி நீட்டித் தேடுது பாருங்க. இன்னும் பசி அடங்கல. ஒண்ணே ஒண்ணு குருவே!"

நசீமா அவர் கையைப் பிடிக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குங்குமம் திரும்பியது. சூடான பக்கத்தை நோக்கி நிதானமாக நகரத் தொடங்கியது.

"ஐயையோ, கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போகுதே! அரை வயித்தோட போகுதே!"

"கோவமெல்லாம் இல்ல மாஸ்டர்" என்றாள் நசீமா. "இவ்வளவு நேரம் விழுங்கிச்சு. இப்பதான் சாப்பிடப் போகுது."