மழையில் போய்ப் பார்த்த ஆள்காட்டி

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது, குழந்தைகளே. ஏரி சின்னதுதான். அதற்காக நடந்த போட்டிதான் பெரியது.

ஏரியின் நடுவே ஒரு மடு உண்டு. எவ்வளவு வெயில் அடித்தாலும் மடுவில் மட்டும் தண்ணீர் வற்றாது. ஏரியின் மேல்கரையில் ஒரு கூட்டம், கீழ்கரையில் ஒரு கூட்டம். பங்குனி மாதத்தில் இரண்டு கூட்டமும் ஏரிச் சேற்றில் இறங்கி விளாங்காய் ஆட்டம் ஆடும். கொடியில் கட்டிய விளாங்காயை வாயில் கவ்விக்கொண்டு ஓடி, எதிரியின் கரையைத் தொட வேண்டும். கடிக்கக் கூடாது. மற்றபடி முட்டலாம், மோதலாம், மேலே விழுந்து அமுக்கலாம்.

ஜெயித்த கரைக்குக் கோடை முழுவதும் மடு சொந்தம். தோற்ற கரையின் காக்கைகூட அதில் அலகை நனைக்கக் கூடாது.

மேல்கரை இரண்டு வருஷமாகத் தோற்றிருந்தது. போன கோடையில் மட்டும் அங்கே ஏழு குட்டிகள் தாகத்தால் செத்துப்போயின.

ஆட்டத்துக்குப் புது ஆட்கள் மூங்கில் திடலில் பழகிக்கொண்டிருப்பார்கள். எல்லாம் இளவட்டங்கள். மாசி மாதத்தில் இரண்டு கரைகளும் வந்து மாறி மாறி ஆள் எடுக்கும். போன வருஷம் தோற்ற கரைதான் முதல் ஆளை எடுக்க வேண்டும் என்பது வழக்கம். தோற்றவர்களுக்கு ஓர் ஆறுதலாக யாரோ நல்ல மனசோடு வைத்த வழக்கம் அது. முதலில் எடுக்கிறவனுக்கு முதலில் தப்புச் செய்யவும் வாய்ப்பு உண்டு என்பதை அந்த நல்ல மனசு யோசிக்கவில்லை.

மேல்கரைக்கு ஆள் பார்த்துச் சொல்லும் வேலை ஆள்காட்டிக் குருவிக்கு. மஞ்சள் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தோல், காட்டிலேயே கூர்மையான பார்வை. ஆனால் போன வருஷத்திலிருந்து அதற்கு ஒரு நோய் பிடித்திருந்தது. தன் குரலைக் கேட்டாலே அதற்குப் பயம்.

காரணம் இதுதான். போன வருஷம் அது ஒரு முள்ளம்பன்றியை எடுக்கச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றது. நல்ல ஆட்டக்காரன்தான். ஆனால் ஆட்டத்தன்று காலையில் அதன் பாதத்தில் கருவேல முள் ஏறிவிட்டது. "முள்ளம்பன்றிக்கே முள் குத்திவிட்டதாம்" என்று காடு முழுவதும் சிரித்தது. ஆள்காட்டி எங்கே போய் உட்கார்ந்தாலும் அந்தச் சிரிப்பு கூடவே வந்தது.

அந்தக் கோடையில் அதன் கூட்டில் மூன்று முட்டைகள் இருந்தன. ஆள்காட்டிக் குருவி மரத்தில் கூடு கட்டாது, வெட்டவெளியில் சரளைக் கல்லின் நடுவே முட்டையிடும். வெயில் ஏற ஏறத் தண்ணீரில் நெஞ்சை நனைத்து வந்து முட்டையின் மேல் உட்கார்ந்து குளிரவைக்கும். மடு இல்லாத கோடையில் எதை நனைப்பது? மூன்று முட்டைகளும் வெந்துபோயின.

"இந்த வருஷமாவது ஒரு நல்ல ஆளாகப் பாருங்க" என்றது அதன் பேடை.

"பார்க்கிறேன்" என்றது ஆள்காட்டி. பார்க்கவும் செய்தது.

ஐப்பசி மழையில் மூங்கில் திடல் சகதியாகக் கிடந்தது. மற்றவர்கள் எல்லாம் பொந்துக்குள் பதுங்கியிருந்தபோது ஆள்காட்டி மட்டும் நனைந்துகொண்டே போய்ப் பார்த்தது. அங்கே கட்டையன் என்று ஒரு காட்டுப்பன்றி இளவட்டம். குட்டைக் கால், தொங்கும் வயிறு, பார்க்க லட்சணம் போதாது. அவன்மேல் ஐந்து பேர் விழுந்தார்கள். சேற்றுக்குள் மூச்சு முட்டும்படி அமுக்கினார்கள். கட்டையன் எழுந்தான். கொடி அவன் பல்லிலேயே இருந்தது.

கார்த்திகை மழையில் இன்னொரு முறை போனது. மார்கழியில், அடிவயிறு விறைக்கும் குளிரில், மூன்றாம் முறையும் போனது. மூன்று முறையும் கொடி பல்லை விட்டு நழுவவில்லை. மூன்றாம் முறை கட்டையன் எழுந்ததும், "என் கீழே யாராவது மாட்டிக்கொண்டார்களா?" என்று கேட்டுச் சுற்றிப் பார்த்தான். ஆள்காட்டிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கீழ்கரைக்கு ஆள் பார்ப்பது நரி. அது திடல் பக்கம் வந்தாலும் ஈச்சம்புதருக்குள் சுருண்டு படுத்து, ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்கும். 'ஆள் பார்க்கிற லட்சணம் இதுதான்' என்று ஆள்காட்டி மனசுக்குள் சிரித்துக்கொண்டது.

மாசி பிறந்தது. மொட்டைப் பாறையில் அளவு நாள் வந்தது. இளவட்டங்கள் ஒவ்வொருவராக ஓட வேண்டும், தாவ வேண்டும், உருண்டைக் கல்லைத் தள்ள வேண்டும். குரங்கு ஒரு கொடியால் கால் நீளத்தை அளக்கும். ஓடி முடிக்கும்வரை மரங்கொத்தி மரத்தைத் தட்டும். எத்தனை தட்டு என்பதுதான் கணக்கு. பாறை காய்ந்த பாறை. அங்கே மோத வருகிறவன் யாரும் கிடையாது.

துள்ளன் என்ற புள்ளிமான் ஓடியது. மரங்கொத்தி ஒன்பது தட்டுத்தான் தட்டியிருந்தது. அப்படி ஓர் ஓட்டத்தை அந்தக் காடு பார்த்ததில்லை. கட்டையன் ஓடினான். பதினாறு தட்டு.

இலுப்பை மரத்துக் கிளிகளுக்கு அன்றிலிருந்து ஒரே பாட்டுத்தான். "முதல் ஆள் துள்ளன், முதல் ஆள் துள்ளன்" என்று காலையும் மாலையும் கத்தின. எந்தக் கிளியும் மூங்கில் திடலை எட்டிப் பார்த்ததில்லை. ஒன்று சொன்னதை இன்னொன்று சொன்னது, அவ்வளவுதான்.

ஆள்காட்டி துள்ளனைத் தனியாக அழைத்துப் பேசியது.

"ஓடும்போது பக்கத்தில் ஒருவன் மோத வந்தால் என்ன செய்வாய், தம்பி?"

துள்ளன் தலையைக் குனிந்துகொண்டது. "கண்ணை மூடிக்கொள்வேன், ஐயா. எனக்கே தெரியாமல் மூடிவிடுகிறது. உடம்பெல்லாம் நடுங்கும்."

"இதை யாரிடமாவது சொன்னாயா?"

"எப்படிச் சொல்வது? நான்தான் முதல் ஆள் என்று எங்கள் மந்தையே காத்திருக்கிறது. நீங்களும் சொல்லிவிடாதீங்க."

அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆள்காட்டி திரும்பியது.

ஆள் எடுக்கும் நாள் காலையில் மேல்கரைக் கூட்டம் ஆலமரத்தடியில் கூடியது. தலைவர் கரடி. அளந்த பொருளைத்தான் கரடி நம்பும். தேனடையைக்கூட எடை பார்த்துத்தான் வாயில் வைக்கும்.

"ஒன்பது தட்டு" என்றது கரடி. "இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?"

"ஒன்றும் இல்லை" என்றது காட்டெருமை.

"கிளிகளே சொல்கின்றனவே" என்றது முயல்.

ஆள்காட்டி தொண்டையைச் செருமியது. உடனே யாரோ பின்னாலிருந்து, "பார்த்துப்பா, முள் குத்திவிடப் போகிறது" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

கரடி கையை உயர்த்திச் சிரிப்பை அடக்கியது. "கேலி இருக்கட்டும். மழையில் நனைந்து போய்ப் பார்த்தது நீ ஒருத்தன்தான். உன் மனசில் வேறு யாராவது இருந்தால் சொல். நீ உறுதியாகச் சொன்னால் நான் எடுக்கிறேன்."

கரடி நிஜமாகத்தான் கேட்டது. ஒரு வார்த்தை போதும். கட்டையன் என்ற ஐந்தெழுத்துச் சொல்தான். அது ஆள்காட்டியின் அலகு நுனிவரை வந்துவிட்டது.

அப்போது அது மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டது. 'பன்றியைச் சொல்லித் தோற்றால், பழி என் ஒருத்தன் தலையில். மானைச் சொல்லித் தோற்றால், எல்லாரும் சொன்னதைத்தானே நானும் சொன்னேன்? என்னை யார் கேட்க முடியும்?'

"துள்ளன்தான், தலைவரே" என்றது ஆள்காட்டி. "அளவே சொல்கிறதே."

சொன்னதும் அதற்கு உடம்பு லேசானது. வெகு நாளைக்குப் பிறகு யாரும் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. காட்டெருமை அதன் பக்கம் நகர்ந்து இடம் கொடுத்து உட்காரவைத்தது.

மேல்கரை துள்ளனை எடுத்தது. அடுத்தது கீழ்கரையின் முறை. நரி சோம்பல் முறித்து எழுந்து, "கட்டையன்" என்றது. கிளிகள் கிளையை விட்டு விழுகிற மாதிரி சிரித்தன. ஆள்காட்டி மட்டும் சிரிக்கவில்லை.

பங்குனி வந்தது. ஆட்டத்துக்கு நாலு நாள் முன்னால் பேடை நாலு முட்டைகள் இட்டிருந்தது.

ஆட்டம் வெகுநேரம் சமமாகவே போயிற்று. இரண்டு கரையும் ஒவ்வொரு முறை தொட்டுவிட்டன. இன்னும் ஒரு முறை தொடுகிறவர்களுக்கு மடு. அப்போது கொடி துள்ளனின் வாய்க்கு வந்தது. எதிரே ஒருத்தரும் இல்லை. துள்ளன் பறந்தது. மேல்கரை எழுந்து நின்று கூவியது.

பக்கவாட்டிலிருந்து கட்டையன் வந்தான். வேகம் ஒன்றும் இல்லை. சேற்றை உழுதுகொண்டு நேராக வந்தான்.

ஆள்காட்டி தலையைத் திருப்பிக்கொண்டது. நடக்கப்போவதை அது முன்பே பார்த்துவிட்டது.

மோதல்கூட நடக்கவில்லை. கட்டையன் நெருங்கியதுமே துள்ளன் கண்ணை மூடியது, வாய் திறந்தது, விளாங்காய் சேற்றில் விழுந்தது. கட்டையன் கொடியைக் கவ்விக்கொண்டு திரும்பினான். அவன்மேல் கரடி விழுந்தது, காட்டெருமை விழுந்தது, இன்னும் மூன்று பேர் விழுந்தார்கள். எல்லாரையும் முதுகில் இழுத்துக்கொண்டே போய்க் கட்டையன் மேல்கரையைத் தொட்டான். கொடி பல்லிலேயே இருந்தது.

துள்ளன் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தது. அதன் மந்தை விலகிப் போயிற்று. ஆள்காட்டி அருகே போனது.

"நான்தான் பயந்தவன்" என்றது துள்ளன். "சொல்லாதீங்க என்று கேட்டதும் நான்தான். ஆனாலும் நீங்களாவது சொல்லியிருக்கலாமே, ஐயா."

மறுநாள் காலையில் மேல்கரைக் கூட்டம் கிளம்பியது. இரண்டு மலை தாண்டினால் ஓர் ஆறு. குட்டிகளில் எத்தனை போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது. கரடி போகும் முன் ஆள்காட்டியைத் தேடி வந்தது.

"உன்மேல் குற்றம் இல்லை" என்றது. "எல்லாரும் ஒரே பேச்சாகத்தானே இருந்தோம். நீ ஒருத்தன் என்ன செய்ய முடியும்?"

ஆள்காட்டி போட்ட கணக்கு ஒரு சொல்கூடத் தவறவில்லை. அதற்கு அழுகை வந்தது.

முட்டையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பறவையும் போக முடியாது. அதனால் ஆள்காட்டியும் பேடையும் மட்டும் கரையில் தங்கின. கரையோரத்தில் கிடந்த கொஞ்சத் தண்ணீரும் சித்திரை பிறக்குமுன் வற்றியது. ஆள்காட்டி இரண்டு மலை தாண்டிப் பறந்து ஆற்றில் நெஞ்சை நனைத்தது. திரும்பி வருவதற்குள் நெஞ்சு காய்ந்துவிட்டது. மறுபடி பறந்தது. மறுபடி காய்ந்தது.

மூன்றாம் நாள் அது வெட்கத்தை விட்டு மடுவுக்குப் போனது. அங்கே நரி காவல் இருந்தது.

"ஒரே ஒரு முறை நெஞ்சை நனைத்துக்கொள்கிறேன். நாலு முட்டை இருக்கிறது" என்றது ஆள்காட்டி.

"வழக்கத்தை நான் மாற்ற முடியுமா?" என்றது நரி. "ஆனால் உனக்கு நான் கடன்பட்டவன். ஒரு உண்மையைச் சொல்கிறேன். நான் எந்த இளவட்டத்தையும் பார்க்கவில்லை. எனக்கு ஆள் பார்க்கத் தெரியாது. நான் உன்னைத்தான் பார்த்தேன். கொட்டுகிற மழையில் நீ மூன்று முறை ஒரே ஆளைப் பார்க்கப் போனாய். அது போதுமே. உன் கண் எனக்குத் தெரியும்."

ஆள்காட்டி மடுவின் தண்ணீரையே பார்த்தது.

"எனக்கு ஒன்றுதான் புரியவில்லை" என்றது நரி. "நீங்கள் முதலில் எடுக்க வேண்டியவர்கள். கட்டையன் எனக்குக் கிடைக்க மாட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். உன் கரையில் உன் பேச்சை யாரும் கேட்கவில்லையா?"

"கேட்டார்கள்" என்றது ஆள்காட்டி.

அது காய்ந்த நெஞ்சோடு திரும்பியது. பேடை முட்டைகளின் மேல் சிறகை விரித்து நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. நண்பகல் வெயிலில் சரளைக் கல்லெல்லாம் கொதித்தது. ஆள்காட்டி முட்டையில் காதை வைத்துக் கேட்டது. நாலில் ஒன்றிலும் அசைவு இல்லை.

பேடை அதன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. "வருத்தப்படாதீங்க" என்றது. "எல்லாரும் தப்பான ஆளைச் சொன்னா, நீங்க மட்டும் என்ன செய்வீங்க?"

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று ஆள்காட்டி அலகைத் திறந்தது. பேடை அதையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆள்காட்டி அலகை மூடிக்கொண்டு, வெந்துபோன முட்டைகளின் மேல் போய் உட்கார்ந்தது.

நீதி: தன் கண் கண்டதைத் தன் வாயால் சொல்லத் துணியாதவன் பழியிலிருந்து தப்பலாம், இழப்பிலிருந்து தப்ப முடியாது.