வலையில் கிடந்த பந்து

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானையைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. எப்சிபாவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வடசென்னையில், ரயில் பாதையை ஒட்டிய மைதானத்தில் ஆடும் பெண்கள் கால்பந்து அணிக்கு அவள்தான் பின்வரிசைக் காவல். போன ஆட்டத்தில், கோல்கீப்பர் நஸ்ரின் எங்கே நிற்கிறாள் என்று பார்க்காமலே பந்தைப் பின்னால் தட்டிவிட்டாள். நஸ்ரின் முன்னால் ஏறி வந்திருந்தாள். பந்து நிதானமாக உருண்டு, சொந்த வலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. சேம்சைடு கோல். ஆட்டம் டிராவாகி, தட்டுத்தடுமாறித்தான் அரையிறுதிக்குள் நுழைந்தார்கள்.

வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து அவள் பெயரே சேம்சைடு. அந்தப் பெயரை முதலில் வைத்தவளும் நஸ்ரின்தான்.

அரையிறுதிக்கு முந்தின நாள் சாயங்காலம், தன் நாலாம் நம்பர் ஜெர்சியைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு எப்சிபா பயிற்சிக்கு வந்தாள். அணியின் பயிற்சியாளர் அருள்தாஸ் மாஸ்டர் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், நாளைக்கு என்னை எறக்காதீங்க. இனிமே என்னிக்குமே வேணாம்.”

மாஸ்டர் ஜெர்சியை வாங்கவில்லை.

“அன்னிக்கு கோல் விழுந்துச்சே, வலையிலேர்ந்து பந்தை எடுத்தது யாரு?”

“தெரியாது மாஸ்டர். நான் மூஞ்சிய மூடிக்கினு உக்காந்துட்டேன்.”

“சரி. இன்னிக்கு நீ ஆட வேணாம். எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் பந்தை எடுத்தாந்து நடு வட்டத்துல வை. ஓடணும். நடக்கக் கூடாது.”

ஊரே சிரித்தது போதாதென்று இவர் வேறா என்று அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் ஓடினாள். கோல் விழ விழ, இந்த வலைக்கும் அந்த வலைக்கும் ஓடினாள்.

“பந்து பொறுக்க ஆள் வச்சாச்சுடி!” என்றாள் ஒருத்தி. எப்சிபா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு தடவை பந்து வலைக் கிழிசலில் சிக்கிக்கொண்டது. அவள் அதை இழுத்து எடுப்பதற்குள், “உன் ஆளை நீ ஏன்டி விட்டே?”, “நீ எங்க போய் நின்னே?” என்று நாலு பேர் மல்லுக்கு நின்றுவிட்டார்கள். பந்து நடுவில் வந்ததும் வாயை மூடிக்கொண்டு அவரவர் இடத்துக்குப் போனார்கள். எப்சிபா அதைப் பார்த்தாள். அதற்கப்புறம் யாரும் சொல்லாமலே இன்னும் வேகமாக ஓடினாள்.

பயிற்சி முடிந்ததும் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“தண்டனை முடிஞ்சுதா மாஸ்டர்?”

“தண்டனைன்னு யாரு சொன்னா? அன்னிக்கு எடுக்காம விட்ட பந்தை எடுத்தே, அவ்ளோதான். நாளைக்கு ஜெர்சிய மாட்டிக்கினு வா.”

“மறுபடியும் தப்பாயிட்டா?”

“ஆகத்தான் ஆகும்” என்று சொல்லிவிட்டு மாஸ்டர் பந்துகளைப் பையில் போட்டார்.

மறுநாள் தப்பு ஆகத்தான் ஆனது. ஆனால் எப்சிபாவுக்கு இல்லை. தொலைவிலிருந்து வந்த சாதாரணப் பந்து நஸ்ரினின் கால்களுக்கு நடுவே புகுந்து வலைக்குள் போனது. மைதானத்தைச் சுற்றிச் சிரிப்பு. நஸ்ரின் மண்டியிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

எப்சிபா அதற்குள் வலைக்குள் இருந்தாள். ஒரு கையில் பந்து. மறு கையால் நஸ்ரினின் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

“எழுந்திருடி. இன்னும் டைம் இருக்கு.”

சொல்லிவிட்டு நடு வட்டத்துக்கு ஓடினாள். மற்றவர்கள் சண்டை போட வாயைத் திறப்பதற்குள் விசில் ஊதி ஆட்டம் தொடங்கிவிட்டது.

இடைவேளையில் நஸ்ரின் கையுறைகளைக் கழற்றி மண்ணில் எறிந்தாள். எப்சிபாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. மாஸ்டரிடம் போய் அழுதாள்.

“என்னை மாத்திடுங்க மாஸ்டர். என்னால முடியாது.”

“என்னை ஏன் கேக்குற? பந்தை எடுத்தவளப் போய்க் கேளு.”

எப்சிபா குனிந்து கையுறைகளைப் பொறுக்கி, மண்ணைத் தட்டி, நஸ்ரினிடம் நீட்டினாள்.